ஆங்கில இலக்கணச் சந்தேகங்கள்: எதை முதலில் தீர்ப்பது, எதைக் கடைசிக்கு விடுவது

ஆங்கிலம் கற்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். 'ஹேவ்' எப்போது, 'ஹேட்' எப்போது? 'தி' எங்கே போடுவது? 'இன்'னா, 'அட்'டா? பதில்கள் எல்லா இலக்கணப் புத்தகங்களிலும் இருக்கின்றன, ஆனாலும் மனதில் தங்குவதில்லை. கேட்கும் வரிசை தவறாக இருப்பதுதான் காரணம். ஹெல்பிங் வெர்ப் (துணைவினை) எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவருக்கு 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' ('ஹேவ் சீன்' போன்ற வடிவம்) விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்டாது. எண்ணக்கூடிய பெயர் எது, எண்ண முடியாதது எது என்று பிரிக்காதவருக்கு ஆர்ட்டிகிள் ('எ', 'அன்', 'தி') விதி வெறும் மனப்பாடம்தான்.

ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்து, எழுதும்போதும் பேசும்போதும் தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நீங்களே எழுதிய ஒரு பக்க ஆங்கிலம். அலுவலக மின்னஞ்சல், நேற்று நடந்ததைப் பற்றிய குறிப்பு என எதுவாக இருந்தாலும் சரி. யாரிடமும் திருத்தம் வாங்காததாக இருக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தின் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்புகிறவர்கூட, சொந்தமாக எழுதும்போது அதே இடத்தில் தவறுவார். உங்கள் தவறுகள் உங்கள் எழுத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, வினைச்சொற்களின் மூன்று வடிவங்கள்: 'ரைட், ரோட், ரிட்டன்', 'ஈட், ஏட், ஈட்டன்', 'சீ, சா, சீன்'. ஒழுங்கில்லாமல் மாறும் வினைகள் ஏறக்குறைய 200 இருக்கும். அன்றாடம் புழங்கும் ஐம்பது அறுபதைச் சரளமாகச் சொல்ல முடிந்தால் தொடங்கப் போதும். இது இல்லாமல் மூன்றாம் படிக்குப் போனால் திணறுவீர்கள், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வரியிலும் மூன்றாம் வடிவம் வரும்.

மூன்றாவது, ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைச் சொல்லும், அதோடு நின்றுவிடும். கற்போர் அகராதி அந்தப் பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா, அந்த வினைக்குப் பின் எந்த ப்ரெப்போசிஷன் ('இன்', 'ஆன்', 'அட்' போன்றவை) வரும், 'டு' வருமா 'இங்' வருமா என்பதையெல்லாம் காட்டும். கேட்கப்படும் சந்தேகங்களில் பெரும்பங்குக்குப் பதில் அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே கிடைத்துவிடும். பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிறோம், அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

2. எழுவாயும் வினையும் இருக்கின்றனவா?

தமிழில் 'அவர் ஆசிரியர்' என்பது முழு வாக்கியம். அதில் வினையே இல்லை. 'நேற்றே அனுப்பிவிட்டேன்' என்பதும் முழு வாக்கியம்தான், 'நான்' என்று சொல்லத் தேவையில்லை. வினையின் கடைசியில் இருக்கும் 'ஏன்' யார் அனுப்பியது என்று சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது. 'சென்ட்' என்றால் நானா, அவளா, அவர்களா என்று தெரியாது. எனவே எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். வினை இல்லாத வாக்கியமும் அங்கே நிற்காது.

ஆகவே 'ஹி டீச்சர்' என்பது 'ஹி இஸ் எ டீச்சர்' ஆகிறது. 'மழை பெய்கிறது' என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஒரு 'இட்' வருகிறது. அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை. எழுவாய் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக வந்து உட்கார்கிறது.

'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களைத் தனியாகக் கவனியுங்கள். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று விதம்: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. சொல்லுக்குச் சொல் மாற்ற முயன்றால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

'ஆம், இஸ், ஆர்' வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள் அடுத்த வாரமே எல்லா இடத்திலும் அதை ஒட்டத் தொடங்குவார்கள்: 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ டெய்லி'. 'அக்ரீ' தானே ஒரு வினை, அதற்குத் துணை வேண்டாம். 'ஐ அக்ரீ' போதும். துணை எப்போது வேண்டும் என்பது அடுத்த படி.

3. ஹெல்பிங் வெர்ப் தனக்குப் பின்னால் வருவதை ஆள்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். மூன்று காலம், நான்கு வகையாகப் போட்ட 12 டென்ஸ் அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அந்தப் பன்னிரண்டு பெட்டிகளில் பெரும்பாலானவை கீழே சொல்லும் நான்கு விதிகளிலிருந்து பிறந்தவைதான்.

'டூ, டஸ், டிட்' வந்தால் அடுத்து வரும் வினை மாறாத முதல் வடிவம்.

'கேன், குட், வில், உட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட்' வந்தாலும் அதே முதல் வடிவம்.

'ஹேவ், ஹேஸ், ஹேட்' வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம்.

'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன்' வந்தால் இரண்டு வழி: எழுவாய் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் 'இங்' வடிவம், அந்த வேலை எழுவாய்க்குச் செய்யப்பட்டால் மூன்றாம் வடிவம். 'ஷி இஸ் ரைட்டிங்' என்றால் அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'தி லெட்டர் இஸ் ரிட்டன்' என்றால் கடிதம் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்பட்டிருக்கிறது.

முக்கியமான விஷயம், ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த ஒரே ஒரு சொல்லைத்தான் ஆள்கிறது. 'ஷி மஸ்ட் ஹேவ் பீன் வெயிட்டிங்' என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'மஸ்ட்' வந்ததால் அடுத்தது முதல் வடிவம், எனவே 'ஹேவ்'. எழுவாய் 'ஷி' ஆக இருந்தாலும் அங்கே 'ஹேஸ்' வராது. 'ஹேவ்' வந்ததால் அடுத்தது மூன்றாம் வடிவம், எனவே 'பீன்'. 'பீன்' வந்ததால், காத்திருப்பது அவளே என்பதால், 'வெயிட்டிங்'. இவ்வளவு நீண்ட தொடரைக்கூட மனப்பாடம் இல்லாமல் கட்டிவிடலாம். இதைப் பிடித்துக்கொண்டவருக்கு 'ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ்' என்ற பெயர் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

இந்த நான்கு விதிகளை மீறுவதால் வரும் தவறுகளைத்தான் அன்றாடம் அதிகம் பார்க்கிறேன்.

'ஐ டிட் நாட் வென்ட்': 'டிட்' இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, வினை மறுபடி சுமக்கக்கூடாது. 'டிட் நாட் கோ'. அதேபோல் 'ஷி டஸ் நாட் கம்ஸ்' தவறு, ஏனென்றால் அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸில் போய்ச் சேர்ந்துவிட்டது.

'ஐ ஹேவ் ரோட் எ மெயில்': 'ஹேவ்' கேட்பது மூன்றாம் வடிவம். 'ஹேவ் ரிட்டன்'.

'ஐ கேன் ஏபிள் டு டூ': தமிழ் பேசுவோரிடம் மிகச் சாதாரணமாகக் கேட்கும் தவறு. 'கேன்', 'ஏபிள்' இரண்டும் 'முடியும்' என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. மேலும் 'ஏபிள்' வினையே அல்ல, எனவே 'கேன்' அதை ஆள முடியாது. 'ஐ கேன் டூ' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டூ', இரண்டில் ஒன்று.

'யூ மஸ்ட் டு கோ': 'மஸ்ட்' குடும்பத்துக்குப் பின் 'டு' வராது. 'மஸ்ட் கோ'. 'ஹேவ் டு கோ' என்பது வேறு குடும்பம், அதோடு குழப்பிக்கொள்வதால் இந்த 'டு' நுழைகிறது.

உங்கள் ஒரு பக்கத்தை எடுத்து, எல்லா ஹெல்பிங் வெர்புகளுக்கும் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வினையைப் பாருங்கள். இடையில் 'நாட்', 'ஆல்ரெடி', 'ஆல்வேஸ்' போன்றவை வந்தால் தாண்டிப் போங்கள், விதி அவற்றைத் தாண்டியும் செல்லும்.

4. கேள்வி, மறுப்பு, ஆமாம், இல்லை

மூன்றாம் படி கைவந்தால் இது எளிது. கேள்வி கேட்க, முதல் துணைவினையை எழுவாய்க்கு முன்னால் கொண்டுவர வேண்டும்: 'யூ ஆர் ரெடி' என்பது 'ஆர் யூ ரெடி?' ஆகும். துணைவினையே இல்லாவிட்டால் 'டூ'வை அழைக்க வேண்டும்: 'யூ நோ ஹிம்' என்பது 'டூ யூ நோ ஹிம்?' ஆகும். மறுப்புக்கும் இதே 'டூ'தான்: 'ஐ நோ நாட்' அல்ல, 'ஐ டூ நாட் நோ'.

'ஹூ' வரும்போது ஒரு திருப்பம். 'உன்னை யார் அழைத்தார்?' என்பது 'ஹூ கால்ட் யூ?'. 'நீ யாரை அழைத்தாய்?' என்பது 'ஹூ டிட் யூ கால்?'. முதலாவதில் 'ஹூ'வே எழுவாய். அது ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது, இடம் மாற்ற ஒன்றுமில்லை, எனவே 'டிட்' வேண்டாம். தமிழில் 'யார்', 'யாரை' என்று வேற்றுமை உருபு காட்டும் வித்தியாசத்தை ஆங்கிலம் இந்த 'டிட்'டை வைத்துக் காட்டுகிறது. சந்தேகம் வந்தால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கேள்விக்குள் கேள்வி வந்தால் இடமாற்றம் ஒருமுறைதான். 'டூ யூ நோ வேர் இஸ் ஹி?' தவறு. 'டூ யூ நோ' என்பதிலேயே கேள்வி கேட்டாகிவிட்டது, உள்ளே இருப்பது சாதாரண வாக்கியம்: 'வேர் ஹி இஸ்'. 'ஐ டோன்ட் நோ வாட் இட் இஸ்' என்பதும் இப்படித்தான். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் வெகுநாள் சுமக்கும் தவறு இது.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில் தமிழும் ஆங்கிலமும் நேரெதிர். 'உங்களுக்கு இது பிடிக்கவில்லையா?' என்றால் 'ஆமாம், பிடிக்கவில்லை' என்போம், கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். 'டோன்ட் யூ லைக் இட்?' என்ற கேள்விக்கு, பிடிக்கவில்லையென்றால் 'நோ, ஐ டோன்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வி எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுங்கள். உங்கள் பதிலில் 'நாட்' இருந்தால் 'நோ', இல்லையென்றால் 'யெஸ்'. வெறும் 'யெஸ்' என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். எனவே 'ஐ டோன்ட்', 'ஐ டூ' என்பதையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

நம் 'இல்லையா?' எந்த வாக்கியத்தின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும். அதை எல்லா இடத்திலும் 'இஸ்ன்ட் இட்?' ஆக்கக்கூடாது. வாக்கியத்தின் துணைவினைதான் வாலிலும் வர வேண்டும்: 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?', 'ஷி கேம், டிட்ன்ட் ஷி?'.

5. காலம்: முடிந்துபோனதா, இன்னும் தொடர்கிறதா?

இப்போதுதான் 'ஹேவ்' எப்போது என்ற கேள்விக்கு வர முடியும்.

நேரத்தைக் குறிக்கும் சொல்லை முதலில் பாருங்கள். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019', 'டூ டேஸ் அகோ' போன்ற முடிந்துபோன நேரம் இருந்தால் 'ஹேவ்' வராது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு, 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி. நமக்கு இது ஏன் கடினம் என்றால், தமிழில் 'போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'பார்த்திருக்கிறேன்' என்பதைக் கண்டதும் 'ஹேவ் சீன்' என்று கை போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பது நிகழ்காலத்தில் நின்றுகொண்டு பேசுவது. 'ஐ ஹேவ் சீன் ஹிம்' என்றால் எப்போது என்பது முக்கியமில்லை, பார்த்த அனுபவம் இன்று என்னிடம் இருக்கிறது என்று பொருள். நேரத்தைக் குறிப்பிட்ட உடனே அந்த இடம் கைமாறிவிடுகிறது.

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' வரும்போது பிரிட்டிஷ் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஹேவ்' கேட்கும். அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான், ஒரே கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும்.

'ஹேட்' பற்றி: பழைய விஷயம் என்பதற்காக 'ஹேட்' போடுவது பரவலான பழக்கம். 'ஐ ஹேட் மெட் ஹிம் யெஸ்டர்டே' என்று தனியாகச் சொன்னால், கேட்பவர் 'சரி, அதற்குப் பிறகு?' என்று காத்திருப்பார். இறந்தகாலத்தில் நடந்த இரண்டில் முந்தியது எது என்று காட்டத்தான் 'ஹேட்'. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது. 'ஹேட்' எடுத்துவிட்டு 'தி ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்று ஆகும். ஒப்பிட இரண்டாவது நிகழ்ச்சி இல்லையென்றால் 'ஹேட்' தேவையில்லை.

தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதற்குத் தமிழில் நிகழ்காலம் போதும்: 'மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்'. அதை 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று மாற்றினால் இரண்டு தவறு. 'ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பது சரி. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்', எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்': 'சின்ஸ் 2021', 'சின்ஸ் மண்டே'.

'இங்' சேராத வினைகள் உண்டு: 'நோ', 'பிலீவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'பிலாங்', 'ஓன்'. இவை செயல் அல்ல, நிலை. 'ஐ ஆம் நோயிங் ஹிம்' தவறு. 'ஹேவ்' உடைமையைக் குறித்தால் 'இங்' கிடையாது, அதனால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தவறு. சாப்பிடுவதைக் குறித்தால் உண்டு, 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. அது செயல் என்பதால்.

எதிர்காலத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'இஃப்', 'வென்' தொடங்கும் பகுதியில் 'வில்' போடாதீர்கள்: 'இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் ஸ்டே'. தமிழிலும் 'பெய்தால்' என்றுதானே சொல்கிறோம், அதில் எதிர்காலக் குறி இல்லை. 'வருவாரா என்று தெரியாது' என்ற பொருளில் 'இஃப்' வந்தால் மட்டும் 'வில்' வரலாம்: 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்'. 'ஆல்' என்று தமிழில் வந்தால் 'வில்' வேண்டாம், 'ஆ என்று' வந்தால் வரலாம்.

6. ஒருமையா, பன்மையா?

வினைக்கு எழுவாயைத் தேடும்போது பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறுவதுதான் இங்கே நடக்கும் தவறு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்': நண்பர்கள் பலர், டாக்டர் ஒருவர். எனவே பெயர் பன்மை, வினை ஒருமை. 'எவ்ரிபடி', 'ஈச்', 'நியூஸ்' மூன்றும் ஒருமை. 'பீப்பிள்', 'போலீஸ்' பன்மை. 'தி நம்பர் ஆஃப்' என்று தொடங்கினால் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு, ஒருமை. 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'பல', பன்மை. இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம்.

7. பெயர்ச்சொல்: எண்ண முடியுமா என்று பார்த்த பிறகே ஆர்ட்டிகிள்

'எ', 'அன்', 'தி' பற்றிக் கேட்கிறவர்கள் நேராக விதிக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பெயரை ஆங்கிலம் எண்ணுகிறதா? 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'ஹோம்வர்க்' இவற்றை ஆங்கிலம் எண்ணாது. தமிழில் 'மூன்று தகவல்கள்' என்கிறோம், ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்' கிடையாது, 'அன் இன்ஃபர்மேஷன்' என்பதும் கிடையாது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'. இது தர்க்கத்தால் கண்டுபிடிக்கக்கூடியது அல்ல. அகராதியில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியது.

எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் வந்தால் அது தனியாக நிற்காது. 'ஐ பாட் புக்' என்று விட முடியாது. 'எ', 'தி', 'மை', 'திஸ்' ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்தாலே விடுபட்ட ஆர்ட்டிகிள்களில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

அடுத்த கேள்வி: எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி', தெரியாது என்றால் 'எ'. இதைச் சோதிக்கத் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், 'எ புக்'. இரண்டாவது, நாம் ஏற்கெனவே பேசிய அந்தப் புத்தகம், 'தி புக்'. ஆர்ட்டிகிள் என்பதே நமக்கு அந்நியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வேறுபாட்டை 'ஐ' உருபை வைத்து நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இதற்கு எல்லையும் உண்டு. செயப்படுபொருளுக்கு மட்டுமே இது உதவும், எழுவாய்க்கு உதவாது. மனிதர்களைக் குறிக்கும் பெயர்களுக்கு 'ஐ' பெரும்பாலும் எப்போதுமே வருவதால் அங்கேயும் உதவாது. அந்த இடங்களில் 'அந்த' என்று முன்னால் சேர்த்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பொதுவாகப் பேசும்போது ஆர்ட்டிகிள் இல்லாத பன்மை: 'ஐ லைக் டாக்ஸ்'. 'ஐ லைக் தி டாக்ஸ்' என்றால் குறிப்பிட்ட சில நாய்கள். எண்ண முடியாத பெயரும் அப்படியே: 'லைஃப் இஸ் ஷார்ட்'.

'எ'யா 'அன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'அன் அவர்', 'எ யுனிவர்சிட்டி', 'அன் எம்பிஏ', 'எ ஒன்-வே டிக்கெட்' ('ஒன்' என்பதன் ஒலி 'வன்'). 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. உயிரொலிக்கு முன்னால் வரும்போது சொல் மாறுகிறது.

இடப்பெயர்களுக்குச் சுருக்கமாக: நதி, கடல் என்றால் 'தி' வரும், 'தி நைல்', 'தி பசிபிக்'. தனி மலை, ஏரி என்றால் வராது, 'எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா'. நாடுகளுக்குப் பெரும்பாலும் வராது. பெயர் பன்மையாக இருந்தாலோ, 'கிங்டம்', 'ஸ்டேட்ஸ்' போன்ற பொதுச்சொல் அதில் இருந்தாலோ வரும்: 'தி பிலிப்பைன்ஸ்', 'தி யுனைடெட் கிங்டம்'.

8. ப்ரெப்போசிஷன்: தனியாகப் படிக்காமல் வினையோடு படியுங்கள்

நேரத்துக்கு மட்டும் ஒழுங்கான விதி உண்டு. மணிக்கு 'அட்', நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. 'திஸ்', 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்' வந்தால் எதுவும் வேண்டாம்: 'ஆன் லாஸ்ட் மண்டே' அல்ல, 'லாஸ்ட் மண்டே'. 'இன்று காலை', 'நேற்று இரவு' என்பவற்றை 'டுடே மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' என்று பெயர்க்காமல் 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்' என்று சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் வினையைப் பொறுத்தது. 'டிஸ்கஸ்', 'மென்ஷன்', 'ரீச்', 'ரிக்வெஸ்ட்', 'ஆன்சர்' இவற்றுக்குப் பின் ப்ரெப்போசிஷன் இல்லாமல் நேராகச் செயப்படுபொருள் வரும். 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று வருவதற்கு இரண்டு காரணம். ஒன்று, தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். இன்னொன்று, அதே சொல்லின் பெயர் வடிவம் ப்ரெப்போசிஷன் கேட்கும்: 'எ டிஸ்கஷன் அபௌட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்', 'அன் ஆன்சர் டு'. வினையையும் பெயரையும் அடுத்தடுத்து எழுதிவைத்தால் குழப்பம் போகும்.

மாறாக 'லிசன் டு', 'வெயிட் ஃபார்', 'டிபெண்ட் ஆன்' இவற்றில் விடக்கூடாது. 'எக்ஸ்பிளெயின் மீ' தவறு, 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ'. 'டோல்ட் மீ' சரி, 'செட் மீ' தவறு, 'செட் டு மீ' சரி. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாம். 'ரிடர்ன் பேக்' என்பதில் 'பேக்' வேண்டாம்.

புதுச் சொல் குறிக்கும்போது சொல்லை மட்டும் எழுதாதீர்கள். 'டிபெண்ட்' என்று எழுதினால் பாதிதான் கற்றீர்கள், 'டிபெண்ட் ஆன் சம்திங்' என்று எழுதுங்கள்.

9. 'டு'வா, 'இங்'கா?

ப்ரெப்போசிஷனுக்குப் பின் வினை வந்தால் எப்போதும் 'இங்': 'இன்ட்ரெஸ்டட் இன் லேர்னிங்', 'குட் அட் ரைட்டிங்'. கடிதங்களில் அதிகம் தவறுவது 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்'. அங்கே இருக்கும் 'டு' ப்ரெப்போசிஷன். சோதிக்க, அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி ட்ரிப்' பொருந்துகிறது, எனவே 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்'.

'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்' என்றால் முன்பு தனியாக வாழ்ந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் அலோன்' என்றால் தனியாக வாழ்வது எனக்குப் பழகிவிட்டது. ஒரு 'ஆம்' வந்ததும் பொருள் முழுவதும் மாறுகிறது.

மீதி, வினைக்கு வினை வேறு. 'எஞ்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' இவற்றுக்கு 'இங்'. 'வான்ட்', 'டிசைட்', 'ஹோப்' இவற்றுக்கு 'டு'. 'சஜஸ்ட்' மட்டும் எச்சரிக்கை: 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' வராது, 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ'.

10. கடைசிக்கு விட வேண்டிய சண்டைகள்

வாக்கியத்தை ப்ரெப்போசிஷனில் முடிக்கலாமா? 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரலாமா? ஒருவரைக் குறிக்க 'தே' சொல்லலாமா? 'ஹூம்' கட்டாயமா? கற்பவர்கள் இவற்றில் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே காலங்காலமாக வாதிடும் விஷயங்கள் இவை. முதல் மூன்றுக்கும் பதில் 'செய்யலாம்' என்பதே. நன்றாக எழுதுகிறவர்கள் பலரும் செய்கிறார்கள். 'ஹூம்' பேச்சில் அருகிவிட்டது, 'டு ஹூம்' போல ப்ரெப்போசிஷன் முன்னால் வரும்போது மட்டும் முறையான எழுத்தில் போடுங்கள். 'டிட் நாட் வென்ட்' எழுதிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

11. உங்கள் பக்கத்தை நீங்களே திருத்துவது

எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் திருத்த முயலாதீர்கள். கண் பொருளைப் பின்தொடர்ந்து ஓடிவிடும், தவறு தெரியாது. ஒரு வாசிப்புக்கு ஒரே ஒரு விஷயம். வரிசை இதுவரை சொன்ன அதே வரிசை. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

'யெஸ்டர்டே நைட் ஐ ஹேவ் டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ராப்ளம் வித் மை மேனேஜர், பட் ஹி டிட் நாட் கேவ் எனி இன்ஃபர்மேஷன்ஸ்.'

முதல் வாசிப்பு, ஹெல்பிங் வெர்ப். 'ஹேவ்'வுக்கு அடுத்து மூன்றாம் வடிவம், வடிவத்தில் தவறில்லை. 'டிட்'டுக்கு அடுத்து 'கேவ்' வந்திருக்கிறது, 'கிவ்' ஆக வேண்டும்.

இரண்டாவது, காலம். முடிந்துபோன நேரம் இருக்கிறது, எனவே 'ஹேவ்' போகிறது, 'டிஸ்கஸ்ட்' மட்டும் மிஞ்சும். முதல் வாசிப்பில் தப்பித்த 'ஹேவ்' இங்கே மாட்டிக்கொண்டதைக் கவனியுங்கள். வடிவம் சரியாக இருந்தும் காலம் பொருந்தாமல் போகலாம், அதனால்தான் இரண்டும் தனித்தனி வாசிப்பு.

மூன்றாவது, பெயர்ச்சொற்கள். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்பதில் 'எஸ்' போகிறது. 'தி ப்ராப்ளம்' என்பது, படிப்பவருக்கு எந்தப் பிரச்சினை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அப்படியே இருக்கலாம். முதன்முதலாகச் சொல்கிறீர்கள் என்றால் 'எ ப்ராப்ளம்'.

நான்காவது, ப்ரெப்போசிஷனும் சொற்சேர்க்கையும். 'அபௌட்' போகிறது. 'யெஸ்டர்டே நைட்' என்பது 'லாஸ்ட் நைட்' ஆகிறது. யாருக்குத் தரவில்லை என்பதையும் சேர்க்கலாம்:

'லாஸ்ட் நைட் ஐ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம் வித் மை மேனேஜர், பட் ஹி டிட் நாட் கிவ் மீ எனி இன்ஃபர்மேஷன்.'

திருத்திய பிறகும் சந்தேகம் இருந்தால், முழு வாக்கியத்தையும் தேடாமல் சந்தேகமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். எத்தனை முடிவு வருகிறது என்பதைப் பார்க்காதீர்கள், தவறான தொடருக்கும் ஆயிரக்கணக்கில் வரும். எழுதியிருப்பது செய்தித்தாளா, பல்கலைக்கழகமா, பெயரில்லாத ஒருவரா என்று பாருங்கள். மென்பொருள் ஒரு திருத்தம் சொன்னால், ஏற்கும் முன் அது மேலே சொன்ன எந்தப் படியில் வருகிறது என்று பெயர் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை நோட்டில் தனியாக எழுதிவையுங்கள். சில வாரங்களில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் ஒரே படியைச் சேர்ந்த வாக்கியங்கள் குவிந்திருப்பது தெரியும். அடுத்து உட்கார வேண்டியது அந்தப் படியில்தான்.